வெள்ளையாக விட்ட அரியூர் நாடு

கொல்லிமலையிலிருந்து எங்கெங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எங்கள் பத்திரிகையில் வரைபடத்தோடு ஒரு கட்டுரை எழுதினேன். மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்; ஆள் போன நாட்டில் மலேசியாவுக்குப் பச்சை, வளைகுடாவுக்கு மஞ்சள். தேவனூர் நாட்டில் ஒரு கடைக்காரர் கூடவே வந்து வீடு வீடாகக் காட்டியதால் அங்கே இரண்டு நிறமும் விழுந்தன. அரியூர் நாட்டுக்குத் தனியாகப் போனேன். "வீட்டில் எல்லாரும் இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் "இருக்கறோமுங்க" என்றார்கள். அந்த நாட்டை வெள்ளையாக விட்டேன். காரணமும் நானே கண்டுபிடித்தேன்: பள்ளத்து வயலில் நெல் விளைவதால் அவர்கள் மண்ணை விட்டு நகர்வதில்லை. அந்த வரியை மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

கட்டுரை வந்த மறுவாரம், காளப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்கு அரியூர் நாட்டுப் பெண் ஒருவர் வந்தார். கையில் அந்தப் பக்கம்.

"ஏனுங்க, இத எழுதுனது நீங்கதானுங்களா?"

பாராட்டு என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் கணவர் மலேசியாவில் பாமாயில் தோட்டத்தில் இருக்கிறார். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார். மூன்று மாதமாகப் போன் இல்லை. மீட்டுத் தரச் சொல்லி இவர் மனு கொடுக்கப் போக, கலெக்டர் ஆபீசில் என் வரைபடத்தைக் காட்டி, அரியூர் நாட்டிலிருந்து யாருமே போகவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"உங்கள் வீட்டுக்கும் வந்தேனே! நாலு பேரும் இருக்கிறோம் என்றீர்களே?"

"ஆமாங்க. கோயில்ல கெடா வெட்டுனா அவருக்கும் ஒரு பங்கு கறி வருதுங்க. ஆளு உசுரோட இருக்கறப்ப இல்லைன்னு எப்படிங்க சொல்றது? எங்க இருக்காருன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கறி பங்கு போடறவரக் கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பாரு. நீங்க நெல்லப் பாத்துட்டுப் போயிட்டீங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் பங்கு போடுபவரிடம் போனேன். அவர் விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல எழுதினேன். தேவனூரைவிடப் பட்டியல் நீளம்.

அங்கிருந்து அந்தப் பெண்ணோடு ஆபீசுக்குப் போனேன். "பேப்பர்ல போட்டது தப்புன்னு போட்டவரே சொல்றீங்களா?" என்று எழுத்தர் கேட்டார். நான் விளக்கம் தொடங்கினேன்.

"சாமி, பேசாம எழுதிக் குடுத்துருங்க" என்றார் அந்தப் பெண்.

'நான் சரியாக விசாரிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மனு தூதரகம் வரை போனது. ஒரு மாதம் கழித்துக் கணவர் தூதரகத்திலிருந்து போனில் பேசினாராம். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறார். தகவலைச் சொன்ன அந்தப் பெண், இதைப் பேப்பரில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலில் கணவர் வந்து சேரட்டுமாம்.