சாக்கில் வந்த எழுத்து

எங்கள் வீட்டுக்கு எழுத்து வந்து சேர்ந்த வருஷம்தான் என் தம்பியின் பேச்சு நின்றது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாருக்கும் வாய் வரவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

எழுத்து என்றால் ஈயத்தில் வார்த்த அச்சு எழுத்து. சித்தப்பா காளவாசலில் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தார். அப்பா லாரியோடு வெளியூரே கதி என்று கிடந்ததால் வீட்டுக்கு ஆண்துணை அவர்தான். அவருக்கும் அவருடைய சேக்காளிகள் இரண்டு பேருக்கும் ஒரு யோசனை பிறந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் அச்சடித்துச் சும்மா கொடுக்க வேண்டும். பாதி நாள் கரண்ட் இல்லாத காலம் அது. அதற்குத் தோதாக, பசுமலையில் ஒரு சேக்காளியின் மாமனார் வீட்டில் காலால் மிதித்து ஓட்டுகிற பழைய அச்சு மிஷின் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. தூக்கிக்கொண்டு போனால் புண்ணியம் என்று கொடுத்துவிட்டார்கள். சம்பளம் இல்லை, லாபம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் இல்லை. ஆனாலும் மூன்று பேரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரிந்தார்கள்.

மிஷின் கிடைத்ததே தவிர எழுத்து கிடைக்கவில்லை. மதுரையில் அச்சகங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி, எழுத்தை எப்போதோ பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டன. இரும்புக்கடையில் கேட்டால், அது உருகி பேட்டரிக்குள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்றார்கள். சித்தப்பா ஞாயிறு தவறாமல் மொபெட்டில் கிளம்பி வெறும் சாக்கோடு திரும்பினார். ஒரு தடவை ஒரு டப்பா நிறைய முற்றுப்புள்ளி மட்டும் கிடைத்தது.

"முடிக்கிறதுக்கு அம்புட்டும் ரெடி மதினி. ஆரம்பிக்கத்தான் எழுத்து இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் பேரையூரில் அமைந்தது. அங்கே ஓர் அச்சகத்தைக் காலி செய்து ஜெராக்ஸ் கடையாக்கிக்கொண்டிருந்தார்கள். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து நானும் போயிருந்தேன். எழுத்துகளைப் பிரித்துப்போட்டு வைக்கும் மரப்பெட்டிகளை முந்தின நாளே யாரோ வாங்கிப் போய்விட்டதால், எழுத்து எல்லாம் சிமெண்டுச் சாக்குகளில் கலந்து கிடந்தது. பெரிசும் சிறிசும், 'க'வும் 'ஞ'வும் ஒரே குவியல். பாதி கல்யாணப் பத்திரிகையில் தேய்ந்தது, மீதி கருமாதிப் பத்திரிகையில்.

"பிரிக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும் தம்பி" என்றார் அச்சகக்காரர்.

"அதுக்கெல்லாம் எங்க வீட்ல ஆள் இருக்குண்ணே" என்று சித்தப்பா என்னைக் காட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வழியெல்லாம் பெருமை தாங்கவில்லை.

சாக்குகளை நடுவீட்டில் கொட்டினோம். கறுப்புத் தூசி கிளம்பி எல்லோரும் தும்மினோம். பெட்டி இல்லாததால் அம்மா இட்லித் தட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். ஒரு குழிக்கு ஓர் எழுத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் எனக்கு வேலை. இட்லி ஊற்றுகிற நாளில் தட்டைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஏற்றுவோம். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுத்து குழிக்குள் வந்து உட்காரும். இட்லி வெள்ளையாகத்தான் இருந்தது.

தம்பிக்கு ஒன்றரை வயது. நடக்கப் பழகி, என்னை "க்கா" என்று கூப்பிடவும் பழகியிருந்தான். பஸ்ஸுக்கு, மாட்டுக்கு, சோற்றுக்கு எல்லாம் தனித்தனி வார்த்தை வைத்திருந்தான். எழுத்துக் குவியலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடுவான். முதலில் அம்மா பதறிப் பிடுங்கினாள். அப்புறம் எதிர்வீட்டு அக்கா வந்து, "சேனை வச்சது யாரு? அவுக புத்திதான வரும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சீனித்தண்ணி தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தம்பிக்குச் சேனை வைத்தவர் சித்தப்பா. அவரைத் தேடிப்பிடித்து வைக்கச் சொன்னதும் அம்மாதான், லாரிக்காரர் குணம் வீட்டுக்கு ஒன்று போதும் என்று. அதனால் பிள்ளை எழுத்தைச் சப்புவது அவளுக்கு நல்ல சகுனமாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

சித்தப்பா சாக்கைத் துழாவி, தலைப்புக்குப் போடுகிற பெரிய 'அ' ஒன்றை எடுத்தார். அதன் உடம்பில் வெட்டியிருந்த காடிப் பள்ளத்தில் கறுப்புக்கயிறு கச்சிதமாக உட்கார்ந்தது. "பெருசாப் பாத்து எடுத்திருக்கேன் மதினி. முழுங்க முடியாது" என்றார். அம்மா அதைத் தம்பியின் கழுத்தில் கட்டினாள். அன்றிலிருந்து அது அவன் வாயில்தான் கிடந்தது.

பங்குனி வெயில் ஏறுகிற சமயம் அவன் சோற்றைத் தள்ளினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதையோ முழுங்கிவிட்டான் என்று, தொக்கம், அதாவது வயிற்றில் சிக்கியதை, எடுக்கிற அம்மாவிடம் தூக்கிப் போனோம். அந்த அம்மா வயிற்றைத் தடவி, வாயில் ஊதி, ஒரு கோழி இறகுத் துண்டை எடுத்துக் காட்டினாள். இரண்டு நாள் தேவலை போலிருந்தது. பிறகு வாந்தி. பிறகு முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பஸ்ஸைப் பார்த்தால் பஸ் என்று சொல்லாமல் சும்மா பார்த்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது, வேண்டுமென்றே செய்கிறான் என்று. ஒரு நாள் காலையில் கைகால் வெட்டி இழுப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவன் கழுத்தைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"அச்செழுத்து டாக்டர். எங்க கொழுந்தன் குடுத்தது. படிப்பு நல்லா வரணும்னு கட்டுனேன்."

"வாயில வைப்பானா?"

"எந்நேரமும் வாயிலதான் டாக்டர்" என்றாள் அம்மா. அழுத கண்ணோடு சொன்ன அந்தப் பதிலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினார். பிறகு எங்களை உட்காரவைத்து, ஈயம் உடம்புக்குள் போனால் பிள்ளையின் மூளையை என்ன செய்யும் என்பதைப் பொறுமையாகச் சொன்னார். வீட்டில் இருக்கிற தூசியும் விஷம்தான் என்றார். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குப் பயப்படும்படி இல்லை. சித்தப்பா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். "பெருசாப் பாத்துத்தான எடுத்தேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அன்றே வீட்டுக்குப் போய் எழுத்தை எல்லாம் வாரிக்கொண்டு போனவர், தரையைக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாராம். புத்தகம் ஒன்றுகூட அச்சாகவில்லை.

ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தோம். ஊசி போட்டு ஈயத்தை இறக்கினார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் அம்மாவிடம், "ரத்தத்துல ஈயம் நல்லாக் கொறஞ்சிருச்சும்மா. இழுப்பு வராது. பேச்சுதான்... பொறுத்துப் பாப்போம்" என்றார். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஈயம் போய்விட்டதென்றால் வார்த்தைகள் திரும்பி வந்துவிடும் அல்லவா?

ஆட்டோவில் அம்மா மடியில் அவன். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். "அந்தா பாரு பஸ்ஸு. சொல்லு. அந்தா மாடு. சரி, அக்கா சொல்லு. க்கா, க்கா." காளவாசல் வருகிறவரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். அம்மா வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"விடுத்தா. அவன் தூங்குறான்" என்றாள்.

அவன் தூங்கவில்லை. கண்ணை அகலத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவள் மோவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பப் பார்த்தேன். "முழிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கான். நல்லாப் பாரு" என்றேன்.