ப்ரஹ்லாதின் சின்ன போர்டு

பெங்களூரு பொம்மசந்திராவில் பால் பாக்கெட் நிரப்பும் மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில், மெஷினையெல்லாம் இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு செய்பவள் ஸ்ரீலக்ஷ்மி. சென்சார் அனுப்புவது இருபத்துநான்கு வோல்ட். போர்டின் சிப் தாங்குவதோ மூன்று வோல்ட் சொச்சம். நேராக இணைத்தால் கருகிவிடும். அதனால் நடுவில், சிக்னலை வெளிச்சமாக மட்டும் கடத்தும் ஆப்டோகப்ளர் வைப்பாள். பாலைத் திறந்து மூடும் வால்வின் கம்பிச்சுருள், அணையும்போது கரண்ட்டைத் திருப்பி உதைக்கும். அதை வாங்கிக்கொள்ள வால்வுக்கு ஒரு டயோடும் போர்டிலேயே வைப்பாள். எல்லாம் சேர்ந்து போர்டு சாப்பாட்டுத் தட்டு அளவு வந்துவிடும். ஆனால் ஒன்றுகூடக் கருகியதில்லை.

பிறகு ப்ரஹ்லாத் வந்து சேர்ந்தான். அவன் செய்த போர்டு உள்ளங்கையில் அடங்கியது. முதலாளி கோவிந்தராஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பரா இருக்கே. கஸ்டமர் ட்ரையலை இதுலயே வெச்சுக்கலாம். சரியா ஓடுச்சுன்னா இனிமே ப்ரஹ்லாத்தான் டிசைன் ஹெட்."

அந்தப் பதவிக்காக ஸ்ரீலக்ஷ்மி காத்திருப்பது கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும். அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் சிரித்தால் எரிந்தது. "குட் மார்னிங் மேடம்" என்றாலும் எரிந்தது. குற்றம் கண்டுபிடிக்கவே போர்டைத் துருவினாள். ஆப்டோகப்ளர் இருந்தது, டயோடைக் காணோம். அப்பாடா என்றிருந்தது.

"டயோடு எங்கப்பா?"

"வால்வு பிளக்குக்குள்ளயே இருக்கு மேடம். அந்த மாதிரி பிளக்கா பாத்து வாங்கிட்டேன்."

அதுவும் சரிதான். சரியாக இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆயுதபூஜைக்கு மெஷின்களைக் கழுவினார்கள். பிளக்கோடு கேபிள்களைக் கழற்றி ஒரே கூடையில் போட்டவர்கள், கழுவி முடித்ததும் கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான்.

ட்ரையலன்று, வாடிய சாமந்தி மாலையோடு மெஷின் திணறியது. வால்வு மூடும்போதெல்லாம் போர்டு அணைந்து அணைந்து எழுந்தது. பாக்கெட்டுகள் அரைகுறையாக விழுந்தன. கஸ்டமர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரஹ்லாத் புரோகிராமைத் தேடித் தேடி வியர்த்தான்.

ஸ்ரீலக்ஷ்மிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவளுடைய போர்டு உள்ள மெஷினின் கேபிள் இங்கே வந்திருக்கிறது. அதன் பிளக்கில் டயோடு கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டுதான் இருந்தாள், உள்ளுக்குள் இனிக்க இனிக்க. ஆனால் வால்வு இன்னும் கொஞ்சம் உதைத்தால் சிப் போய்விடும். யாருடைய சிப்பானாலும் கண்முன்னே கருக விடுவது அவளுக்கு ஆகாது.

"ஸ்வல்ப நிறுத்துங்க. பிளக் மாறிப்போச்சு," என்று போய் மாற்றினாள். மெஷின் ஒழுங்காக ஓடியது.

கோவிந்தராஜன் ப்ரஹ்லாதின் தோளைத் தட்டினார். "அப்போ போர்டுல தப்பில்ல."

"போர்டுலதான் சார் தப்பு. யார் எந்த பிளக்க மாட்டினாலும் தாங்கணும். மேடம் போர்டு தாங்கும். அவங்கதான் சார் ஹெட்டா இருக்கணும்." கஸ்டமர் முன்னாலேயே சொன்னான்.

முதலாளி யோசித்துத் தலையாட்டினார். பதவி ஸ்ரீலக்ஷ்மிக்கே வந்தது.

ஹெப்பகோடிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் ஸ்ரீலக்ஷ்மியிடம் கைகுலுக்கினார்கள். அவனுடைய இடத்தில் தான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்போமா என்று யோசித்துப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டாள். முன்சீட்டில் அவன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.