முப்பது கிலோ கோழியும் ஒரு பொய்யும்

செபமாலைக்கு வேலை போனது என்னால். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கோழி முழுவதையும் சுடச் சொன்னவன் நான். யார் சொன்னது என்று கேட்டபோது அவர் பெயரைச் சொன்னவனும் நான். விருந்துகளில் சாப்பாடு வீணாகாமல் இருக்க வழி சொல்லுங்கள் என்று தொழிலுக்கு வரும் இளையவர்கள் கேட்கிறார்கள். வழி எனக்கு நன்றாகத் தெரியும். அதை யாரிடமிருந்து கற்றேன் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1. மழைக்குப் பயந்த மத்தியானம்

நுவரெலியாவுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு பழைய துரை பங்களாவை விடுதியாக்கியிருந்தார்கள். அங்கே நான் உணவுப் பிரிவு மேனேஜர். நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களுக்குப் புல்தரையில் பாபிகியூ. கரி அடுப்பு செபமாலையின் பொறுப்பு. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வேலைக்கு வருவார். அன்று அறுபது பேருக்கு முப்பது கிலோ கோழி ஊறவைத்திருந்தோம்.

பன்னிரண்டு மணிக்கு எதிர்மலை பனிமூட்டத்தில் மறைந்தது.

"செபமாலை, எல்லாத்தையும் ஒரேயடியா அடுப்புல போடுங்க. மழை வந்தா கரி அணைஞ்சிரும்."

"ஆளுங்க இன்னும் ரூமை விட்டே வரல சேர். பாதியப் போடுவோம். மிச்சம் ஐஸ் பெட்டியில பச்சையா கெடக்கட்டும், நாளைக்குக் கறி வச்சிக்கலாம்."

"ட்ரே காலியா இருந்தா முதலாளி என்னையச் சுட்டுருவாரு. போடுங்க."

"அப்ப உங்களுக்கும் ஒரு கம்பி எடுத்து வைக்கிறேன் சேர்" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

மழை வந்தது. பாதிப்பேர் வெளியே வரவேயில்லை. உள்ளே கணப்படுப்பருகே உட்கார்ந்து சூப் கேட்டார்கள். எங்கள் குளிரில் ஆறிய கோழி தோல்வார் மாதிரி ஆகிவிடும். வேலையாட்கள் மிச்சத்தை எடுத்துப்போகக் கூடாது என்பது விடுதியின் சட்டம். விட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடுதலாகச் சமைப்பார்கள் என்று முதலாளி நினைத்தார். ஆகவே எல்லாம் பன்றிப் பண்ணைக்காரரின் பீப்பாய்க்குப் போனது. அந்தப் பீப்பாய்களை முதலாளி பார்த்துவிட்டார்.

யார் இவ்வளவு சுடச் சொன்னது என்று சிங்களத்தில் கேட்டார். செபமாலை என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். செபமாலை மூன்றடி தூரத்தில் கம்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சிங்களம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் திருத்திச் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். நான் திருத்தவில்லை. அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். நத்தாருக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

2. நான் வாங்கிய பாராட்டு

அடுத்த வருடமே முறையை மாற்றினேன். முதலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சுடுவது, மிச்சம் ஐஸில் பச்சையாகவே இருப்பது. அறைக் கணக்கை நம்பாமல், தட்டைக் கையில் எடுத்தவர்களை எண்ணுவது. பெரிய ட்ரேக்குப் பதில் சின்னது. சின்னது எப்போதும் நிறைந்தே தெரியும். அப்படியும் மிஞ்சினால் ஆறுவதற்கு முன் பொட்டலம் கட்டி வேலையாட்களிடம் கொடுப்பது. இந்தக் கடைசி விஷயத்துக்காக முதலாளியோடு ஒரு மாதம் வாதாடினேன். பண்ணைக்காரரின் பீப்பாய் அதன்பிறகு நிறையவில்லை.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். முதல் யோசனை செபமாலையுடையது என்று நான் வாய் திறக்கவில்லை.

ஓய்வு பெறும் வாரம்தான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், பிறகு செபமாலையைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். அந்தச் செய்தியோடு லயத்துக்குப் போனேன்.

"வேலையா? கல்யாணம், சடங்குன்னு சமைக்கவே எனக்கு நேரம் பத்தல சேர்" என்றார் செபமாலை. "மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்க, சரி. இங்க யாரு சொல்றது? கோழியத் திருடித்தான் எனக்கு வேலை போச்சுன்னு லயத்துல இன்னமும் பேசுறாங்க. நத்தாரு அன்னைக்குக் கோயில் முத்தத்துல பொதுச் சாப்பாடு. வந்து அடுப்புக்கிட்ட நில்லுங்க."

3. கோயில் முற்றம்

போனேன். நத்தார்ப் பூசை முடிந்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பங்கு கோழி அடுப்பில், இரண்டு பங்கு ஐஸ் பெட்டியில். செபமாலை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்: "மிச்சத்தையும் போட்டுறவா சேர்? சொல்லுங்க."

வரிசை என் பக்கம் திரும்பியது.

"வேணாம்" என்றேன். "அன்னைக்கு விடுதியில எல்லாத்தையும் போடச் சொன்னது நான்தாங்க. இவர் வேணாம்னுதான் சொன்னாரு. கேள்வி வந்ததும் பழிய இவர் மேல போட்டுட்டேன். இவர் ஒரு துண்டுகூட எடுக்கல."

 வரிசையில் நின்ற ஓர் அம்மா, "இதச் சொல்ல இத்தன வருசமாய்யா? அதுக்குள்ள அந்தக் கோழி பேரன் பேத்தி எடுத்திருக்குமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செபமாலை சிரிக்கவில்லை, கோழியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ட்ரே காலியாகும் நேரத்தில் தோட்டத்தின் மேல் டிவிசன் ஆட்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். பெட்டியிலிருந்ததைச் செபமாலை எடுத்து அடுப்பில் போட்டார். அவர்களும் சூடாகச் சாப்பிட்டார்கள். கொட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. கடைசித் துண்டை என் தட்டில் வைத்து, "ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுப்பருகே நிற்பவர் பாதி போதும் என்றால் பாதியைப் போடுங்கள். அவர் பேச்சை மீறினால், மீறியது நீங்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

போன வாரம் செபமாலை போன் பண்ணினார். "ஒரு சடங்கு வீடு சேர். நூறு பேருன்னு சொல்றாங்க. எவ்வளவு ஊறப்போடலாம்?"

"நீங்க சொல்லுங்க" என்றேன்.