விளக்கு வைத்திருப்பவர் அசையக் கூடாது

பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் என் மகள் படகில் ஏறினாள். நான் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் அலை. கடலில் வந்த அலையல்ல, மகளின் கைத்தொலைபேசி விளையாட்டுக்குள் வந்த அலை. இரண்டாம் பாகத்தின் ஏழாம் தீவைச் சுற்றும்போது பனைமர உயரத்துக்கு எழும்பும். அதைத் தாண்டாமல் கையை எடுத்தால் பழையபடி ஆறாம் தீவு. "நீ ஏறு பிள்ளை, நான் பின்னாலை வாறன்" என்றேன். அலையைத் தாண்டி நிமிர்ந்தபோது படகு ஐம்பது மீற்றர் தூரம் போயிருந்தது. கையிலிருந்த தொலைபேசி தன் கடைசி மூச்சை விட்டு அணைந்தது.

என்னுடையது புளியங்கூடலில், பூட்டிய வீட்டுக்குள், மின்னேற்றியில் கிடந்தது. காலையில் அதில் விளையாடியே தீர்த்திருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் வேலையில் இருந்தாள். அவளுடைய இலக்கம் தொலைபேசிகளுக்குத்தான் தெரியும். எனக்கோ மகளுக்கோ தெரியாது.

இது நடந்து இரண்டு கிழமையாகிறது. செம்மஞ்சள் நிறத்தைக் கண்டால் நான் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன். படகில் எல்லோருக்கும் மாட்டிவிடும் உயிர்காப்பு அங்கியின் நிறம் அது.

அந்த விளையாட்டின் முதற் பாகம் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு கடல், ஒரு வள்ளம், இரண்டு பேர், ஒரே ஒரு விளக்கு. தீவு தீவாகப் போய் அணைந்த வெளிச்சவீடுகளை ஏற்ற வேண்டும். கடல் என்றால் நீலச் சாயம் தோய்த்த ஒரு சேலைத் துண்டு, அவ்வளவுதான். ஒரே திரையில் இடது பக்கம் நான், வலது பக்கம் அவள், இரண்டு தலையும் முட்டிக்கொண்டு விளையாடுவோம். பனிப்புகார் மூடினால் இருவரும் பிரிந்து போவோம். அப்போது ஒரு விதி: விளக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் அசையக் கூடாது. மற்றவர் வெளிச்சத்தைப் பார்த்து வந்துசேர வேண்டும். விளக்குக்காரர் அசைந்தால் புகார் இன்னும் தடிக்கும்.

எனக்கு அது ஒருநாளும் கைவரவில்லை. பிள்ளையைக் காணவில்லை என்றால் தேடித்தானே போக வேண்டும்? போவேன், தோற்போம். கடைசியில் அவள் தன் ஒரு கையால் விளையாடி, மற்றக் கையால் என் பெருவிரலைப் பிடித்து அமத்திக்கொண்டிருந்துதான் வென்றாள். அந்த நாட்களில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு மனைவி குசினியிலிருந்து அகப்பையோடு வந்து பார்ப்பாள்.

போன மாதம் இரண்டாம் பாகம் வந்தது. குறை சொன்னால் பாவம். அதில் பெய்யும் மழையைப் போல ஒரு மழையை நான் ஊரிலும் பார்த்ததில்லை. ஒவ்வொரு துளிக்கும் நிழல் உண்டு. பாய்க்கு நிறம் மாற்றலாம், வள்ளத்துக்குப் பெயர் வைக்கலாம். ஆளுக்கொரு தொலைபேசியில், ஆளுக்கொரு கதிரையில் இருந்து விளையாடலாம். புகார் மூடினாலும் மற்றவர் எங்கே என்று தலைக்கு மேல் ஒரு தங்க அம்புக்குறி காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் நாங்கள் ஒருமுறைகூடத் தொலையவில்லை. மனைவியும் ஒருமுறைகூட அகப்பையோடு வரவில்லை.

இனி இறங்குதுறைக்கு வருகிறேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் நயினாதீவு அம்மனுக்கு அருச்சனை என்று அவள் நேர்ந்திருந்தாள். அதற்காகத்தான் புறப்பட்டோம். அடுத்த படகு மூன்று இருபதுக்கு. அதில் முதல் ஆளாக ஏறினேன். நடுக்கடலில், நயினாதீவிலிருந்து திரும்பும் படகு எதிரே வந்தது. அதில் முப்பது செம்மஞ்சள் அங்கிகள். ஒரு அங்கி மட்டும் எழுந்து நின்று கையை வீசியது. மகள். என்னைத் தேடித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். நானும் எழுந்து நின்று வீசினேன். படகுக்காரர் என்னை இருத்தினார்.

நயினாதீவில் இறங்கிய வேகத்திலேயே மறுபடி ஏறினேன். அவள் குறிகட்டுவானில் நிற்பாள் என்ற நம்பிக்கை. நாலு பத்துக்கு, அதே நடுக்கடலில், அவள் என்னைத் தேடி நயினாதீவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

படகுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் ரண்டு பேரும் கோயிலுக்குப் போறியளோ, கடலை அளக்கிறியளோ?"

எதிர்ப் படகிலிருந்து மகள் எதையோ சொன்னாள். இரண்டு இயந்திரங்களின் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு இடது கையை உயர்த்தி, அதன் பெருவிரலை வலது கையால் இறுக்கிப் பிடித்துக் காட்டினாள். விரல் நசுங்கிவிட்டது என்று நினைத்தேன். படகுக்கும் துறைக்கும் இடையில் அகப்பட்டிருக்கும், எலும்பு முறிந்திருக்கும், அங்கே மருந்து கட்ட யார் இருக்கிறார்கள் என்று குறிகட்டுவான் வரும்வரை மனதுக்குள் அவளை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏற்றி இறக்கிவிட்டேன்.

நயினாதீவுக்குப் போகும் அடுத்த படகு நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தேன். அப்போதுதான் எனக்கு அந்தப் பெருவிரல் விளங்கியது. நசுங்கியது அவளுடைய விரல் அல்ல. அவள் அமத்திக் காட்டியது என்னுடையது. தொலைபேசி என்னிடம். விளக்கு என்னிடம்.

காலை எடுத்தேன். படகு போய்விட்டது.

அசையாமல் இருப்பதைப் போல ஒரு வேலை உலகத்தில் இல்லை. துறையின் சீமெந்துக் கட்டின்மேல் இருந்தேன், எழும்பினேன், விதி நினைவு வந்து மறுபடி இருந்தேன். ஐந்து மணிக்கு ஒரு படகு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இல்லை. ஒருவேளை விரல் உண்மையாகவே நசுங்கியிருந்தால்? நான் விளங்கிக்கொண்டது வெறும் என் விருப்பமாக இருந்தால்? இனி ஒரே ஒரு படகுதான் அங்கிருந்து வரும் என்றார்கள். அதிலும் வராவிட்டால் இரவு அவள் அங்கே, நான் இங்கே.

பக்கத்தில் கச்சான் கடலை விற்கும் அக்கா என்னைக் கனநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக் கதையையும் கேட்டார். விளையாட்டு என்ற பகுதியை நான் கொஞ்சம் மெல்லமாகச் சொன்னேன். அவருக்கு அதுதான் நன்றாகக் கேட்டது.

"தம்பி, உமக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்தேழு."

"பிள்ளை கெட்டிக்காரி. வருவாள். நீர் இதைக் கொறியும்" என்று ஒரு சுருள் கச்சானை என் மடியில் வைத்தார். நான் இடது பெருவிரலை வலது கைக்குள் அமத்திப் பிடித்திருந்தபடியால் ஒன்றையும் உடைக்க முடியவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன், வெயில் கடலில் படுத்துக்கிடந்த நேரம், கடைசிப் படகு வந்தது. செம்மஞ்சள் அங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குவித்தார்கள். நாலாவது அங்கிக்குள்ளிருந்து மகள் வந்தாள். பத்து விரலும் நலம். நெற்றியில் குங்குமம், கையில் அருச்சனைத் தட்டத்து வாழைப்பழம். நான் இங்கே செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஆறுதலாகப் போய் நேர்த்திக்கடனை முடித்திருக்கிறாள்.

என் முன்னால் வந்து நின்றாள். என் கைகளைப் பார்த்தாள். பெருவிரல் இன்னும் பிடிக்குள்ளேதான் இருந்தது. திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினாள்.

"இண்டைக்குத்தான் அப்பா முதல்தரமா அசையாமல் இருந்திருக்கிறியள்" என்றாள். பிறகு தொலைபேசிக்குக் கையை நீட்டினாள். "அதுசரி, அந்த அலையைத் தாண்டினதைச் சேவ் பண்ணினனீங்களோ?"