சட்டியில் என் தம்பியின் பங்கு

விரல் நுனிகளால் சோற்றை அழுத்தி வரப்புக் கட்டிக்கொண்டிருக்கிறான் என் தம்பி லாண்டிங். கொத்தனார்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஒரே சட்டியில் அவன் பக்கம் மட்டும் வெள்ளைச் சோறு. வரப்புக்கு அந்தப்புறம் வெங்காயக் குழம்பு. ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த இடத்தை வழித்து அடுத்தவன் பக்கம் தள்ளிவிடுவான். எங்கள் ஸிகன்ஷோர் நகரில் அவன் பூசிய சுவர்களிலும் கசிவைப் பார்க்க முடியாது. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை.

சென்ற மழைக்காலத்தில் சாரத்தின் மேலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். தூக்கித்தான் இறக்கினார்கள். வெங்காயம், பூண்டு, தட்டாம்பயறு, பால் ஆகாது. சோறு ஆகும் என்றார் மருத்துவர்.

"சோறு இருக்குல்ல? அப்ப நான் சாவ மாட்டேன்க்கா."

அன்றிலிருந்து சோறு, சுட்ட மீன், உப்பு, எலுமிச்சை. கல்யாண வீட்டிலும் அதேதான்.

வேலையிடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவது நான். தனித் தட்டில் தருகிறேன் என்றேன்.

"வேணாம்க்கா. தனியாத் தின்னா, இவனுங்க மேல எனக்கு ஏதோ சந்தேகம்னு ஆயிடும். அப்புறம் எவன் என்கூடச் சாரம் ஏறுவான்?"

மேஸ்திரி லதீர் செரேர்காரர், நாங்கள் ஜோலா. இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது என்பது முறை.

"டேய் ஜோலா, குழம்புக்கு வக்கில்லாத பயலே!"

"நீங்க கம்பங்கூழுல வளந்தவரு மேஸ்திரி. சோத்து ருசி ஒங்களுக்கு எங்க தெரியும்?"

போன வாரம் கேலி கைக்கு வந்துவிட்டது. என் அகப்பையைப் பிடுங்கி, "ஒரே சட்டி, ஒரே குழம்பு!" என்று லாண்டிங்கின் பங்கில் நிறைய ஊற்றிவிட்டார் லதீர். எல்லோரும் சிரித்தார்கள். லாண்டிங்கும் சிரித்தான். ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டான். எழுந்து போனால் பகை. தின்றால் மறுநாள் சாரம் ஏற முடியாது. மற்றவர்கள் முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"தின்னுடா," என்றார் லதீர். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"நீங்க சாப்பிடுங்க மேஸ்திரி. இன்னிக்கு ஒங்க பங்கு பெருசு."

வெறும் வயிற்றோடு பொழுது சாயும்வரை மேல்சுவரைப் பூசினான். கீழே நின்ற லதீர் அடிக்கடி அண்ணாந்து பார்த்தார்.

மறுநாள் குழம்பு ஊற்ற நான் குனிந்தேன். லாண்டிங்கின் சோற்றுக்கு மேலே லதீர் தன் அகன்ற கையை விரித்துப் பிடித்தார். அகப்பை கடந்து போகையில் சுடு குழம்பு அவர் புறங்கையில் சொட்டியது. கையை எடுக்கவில்லை.