கீழ்வீடு காலியாக வேண்டும்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நர்ஸ் இல்லை. நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி பெற்று, பிறர் வீட்டுப் படுக்கைகளின் ஓரத்தில் உட்கார்ந்தே ஆயுளில் பாதியைக் கழித்தவள். அந்தச் சம்பாத்தியமும் பேங்க் கடனும் சேர்ந்து எழுப்பியது அந்த மாடி வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். கீழ்வீட்டுக்குத்தான் வாடகை அதிகம் என்பதால் அதை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் மாடியில் இருந்தாள். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். முழங்காலை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் உங்கள் இதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்றார். இன்னும் ஒரு வருஷம் படி ஏறலாம் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். மாடியில் முடங்கியவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். முதலில் கடைத்தெரு போகும், பிறகு வாசல் போகும், பிறகு குளியலறை போகும். கடைசியில் கட்டில்தான் ஊர்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீடு காலியானது. தானே இறங்கியிருக்கலாம். ஆனால் மாடி வாடகையை வைத்துக்கொண்டு கடன் கட்ட முடியாது. கடன் தீர இன்னும் ஒரு வருஷம் ஆகும். புரோக்கர் ஒரு தையற்காரியை அழைத்துவந்தான். அவள் புருஷன் பஸ் ஓட்டியவன். பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்: "சரி."

"நோயாளி வீடு வேண்டாம்மா" என்று புரோக்கர் காதைக் கடித்தான். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அடுத்த ஆள் வர யோசிப்பான்."

நர்ஸம்மா டிரைவரைப் பார்த்தாள். பாதம் வீங்கியிருந்தது. தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. குதிகாலில் படுக்கைப்புண் தொடங்குகிற சிவப்பு. அடுத்த மழைக்காலம் தாண்டமாட்டான் என்று கணித்தாள். வேலைக்குப் போகிற குடும்பத்தை வைத்தால் வருஷக்கணக்கில் நகராது. இது தானாகவே காலியாகும், அவளுக்குத் தேவைப்படுகிற சமயத்தில். பாம்பும் சாகும், தடியும் முறியாது. அவன் சாக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. மேகத்தைப் பார்த்துக் குடையை எடுத்துவைத்தாள், அவ்வளவுதான்.

மோட்டார் சுவிட்சைப் பற்றிச் சொல்லக் கீழே இறங்கியபோதுதான் வினை ஆரம்பித்தது. டிரைவரை மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள் தையற்காரி.

"ஏய், ஆளைக் கொல்லப் பாக்குறியா? முதல்ல தலையைத் தூக்கு."

"தூக்கினா ஒரு பக்கமா சாயுறாரும்மா."

"சாயத்தான் செய்வாரு. தலையணையை எதுக்குத் தச்சு வெச்சிருக்க, அழகு பாக்கவா?"

அன்று தலையணை வைத்துக் காட்டினாள். மறுநாள் குதிகாலைப் பார்க்கப் போனாள். அதன்பிறகு தினமும், பகல் முழுக்க. தையற்காரி மிஷினில் உட்கார்ந்திருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இவள் அவனைத் திருப்பிப் போட்டாள், முதுகைத் தட்டினாள், காலை மடக்கி நீட்டினாள். சிவப்பு மறைந்தது. புரை நின்றது. மழை வந்தது, போனது. டிரைவர் ஒரு சுற்றுப் பெருத்தான்.

படியில் இறங்குவது நாளுக்கு நாள் கடினமானது. ஒரு நாள் வேன் ஓட்டும் தம்பி வந்து, அக்கா கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

"அக்கா, நீ வீடு வாடகைக்கு விட்டியா, ஆஸ்பத்திரி நடத்துறியா?"

"வாய மூடிட்டு கையக் குடு."

"கடன்தான் முடிஞ்சுதே, காலி பண்ணச் சொல்லு. இல்ல, வீட்டை வித்துட்டு என்கூட வா."

"உன் பொண்டாட்டி என்னை எத்தனை நாள் வெச்சிருப்பா?"

"சரி, அவங்களைக் காலி பண்ணச் சொல்லு."

"அவளுக்கு இந்தத் தெருவுலதான்டா வாடிக்கை."

"அப்ப நீ எங்க போவ?"

அன்று சாயங்காலமே அவள் தையற்காரியிடம் பேசினாள். "வீட்டை மாத்திக்கலாம். நீங்க மேல, நான் கீழ. மேல வாடகை கம்மி."

"இவரை எப்படிம்மா ஏத்துறது?"

"தம்பி ஆள் கூட்டிட்டு வருவான். ஒரு தடவைதானே."

"இறக்கணும்னா?"

"அதுவும் ஒரு தடவைதான்."

கத்திரிக்கோல் துணிக்குள் நின்றது. "யோசிக்க எனக்கு வேற வழி ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு. காலி பண்ணிக்கலாம்."

"சரி" என்றான் கட்டிலில் இருந்தவன்.

"கேக்காமலே சம்மதிச்சுட்டாரு, மகராசன்" என்றாள் தையற்காரி. சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் இருவருமே பேசவில்லை. பகலெல்லாம் அவனைத் திருப்பிப் போட்ட கை யாருடையது என்பதை.

வீடு மாறியது. முதல் வாரம் நர்ஸம்மா இரண்டு முறை மேலே ஏறினாள். மூன்றாம் முறை வளைவில் முட்டி பூட்டிக்கொண்டது; யாரோ வந்து தூக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். துணி தைக்கக் கொடுப்பவர்களும் மாடி ஏறவில்லை. தையற்காரி துணிக் கம்பெனி வேலைக்குப் போனாள். காலையிலும் மாலையிலும் படிக்கட்டு வழியாகக் குரல் போய்வரும்.

"திருப்பினியா?"

"திருப்பிட்டேம்மா."

இடையில் ஒரு முழுப் பகல் கிடந்தது. வேறு ஆள் வைக்க இருவருக்குமே வசதியில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில், முற்றத்துக் கொடியில் மேல்வீட்டு விரிப்பு காய்ந்தது. துவைத்த பிறகும் நடுவில் பச்சையும் மஞ்சளுமாய்க் கறை. நர்ஸம்மா கிட்டே போய் மோந்து பார்த்தாள். பிறகு படியில் முதுகு காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே மேலே ஏறினாள்.

இடுப்புக்குக் கீழே புண் கறுத்திருந்தது. அதன் நடுவில் எலும்பு தெரிந்தது. உடம்பு கொதித்தது. கூப்பிட்டதற்கு அவன் கண் திறக்கவில்லை.

"சின்னதாத்தாம்மா இருந்துச்சு" என்றாள் தையற்காரி. "சொன்னா நீங்க ஏறி வருவீங்க, விழுந்துடுவீங்கன்னு..."

"வெந்நீர் கொண்டா."

கொண்டுவந்து வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா பிழைப்பாராம்மா?"

"கண்டிப்பா போகணும். வலியாவது குறையும். திரும்பி வருவாருன்னு நெனச்சுக்கிட்டுப் போகாத."

தையற்காரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கீழயே இருந்திருந்தா?"

நோயாளி வீட்டாரிடம் நர்ஸம்மா பொய் சொல்லிப் பழகியதில்லை. "இருந்திருப்பாரு. ரெண்டு வருஷம். மூணுகூட ஆகியிருக்கலாம்."

"நீங்க?"

"இந்த ரூம்ல படுத்துக் கிடந்திருப்பேன்."

"தெரிஞ்சுதான் மாத்தினீங்களா?"

"தெரிஞ்சுதான்."

தையற்காரி அழவில்லை, சபிக்கவும் இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸம்மா அந்தப் பார்வைக்கு முகத்தைத் திருப்பவில்லை.

"சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வா. இவரைப் பக்கவாட்டுல பிடிச்சுக்கணும்."

இருவரும் சேர்ந்து புண்ணைக் கழுவித் துணி வைத்துக் கட்டினார்கள். நர்ஸம்மா தம்பிக்குப் போன் செய்து, வேனோடு ஆட்களைக் கூட்டிவரச் சொன்னாள்.

"என்னக்கா, நீ எப்படி மேல போன?"

"அது கிடக்கட்டும். முதல்ல அவரை இறக்குங்க. என்னை அப்புறம் இறக்கிக்கலாம்."