பாதரச மேடம்

ஜொவிட்டா கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் தராசுப் பக்கம் போவாள். தங்கம் பாதரசத்தை விடாது. "ஒரு தபா ஒட்டிக்கிச்சுன்னா அவ்ளோதான், புருசனே வந்து இஸ்தாலும் வராது" என்பாள். மூச்சை அடக்கி, சோதிக்க வேண்டிய மீனில் ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்து நிக்கல் படகில் வைப்பாள். படகு என்பது சுண்டுவிரல் நீளத் தட்டு. அதோடுதான் மீன் கருவிக்குள் போய் எரியும்; அதில் எவ்வளவு பாதரசம் என்று கருவி காட்டும். தராசு சரியாகப் பத்தில் ஒரு கிராம் காட்டும். நான் நாலு தடவை எடுத்துப் போட்டாலும் எனக்கு அப்படி வராது.

அடையாற்று ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். பதினான்கு வருடமாகிறது. எம்.எஸ்சி.யில் அவளைவிட எனக்கு ஆறு மார்க் அதிகம். அதை யாரும் கேட்டதில்லை. மீன் ஏற்றுமதிக்காரர்கள் ஃபோனில் "பாதரச மேடம் இருக்காங்களா?" என்பார்கள். நான் எடுத்தால், "அவங்க வந்ததும் பேசறேன்" என்று வைத்துவிடுவார்கள்.

யாராவது சோதனைக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தால் வாங்கவே மாட்டாள். "பாதரசம் பாட்டில்லயே ஒட்டிக்கும் நைனா, அப்பால இல்லன்னு காட்டும். இதுல புட்சினு வா" என்று அமிலம் விட்ட கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தனுப்புவாள். கருவி சூடேறும்போது அதன் முதுகைத் தட்டி, "துன்னு கண்ணு, துன்னு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம், தங்கை கல்யாணத்துக்கு அவள் லீவு போட்ட நாளில், சந்திரிகா வந்தார். கோடம்பாக்கத்தில் சினிமா மேக்கப் வேலை. கால் வீங்கியிருந்தது, கை நடுங்கியது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்ற டாக்டர், அவர் தினமும் பூசும் சிவப்பழகு க்ரீமைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். பெயரில்லாத டப்பா. கருவியில் வைத்தேன். எண் அளவையே தாண்டி ஓடியது. எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஜொவிட்டா இல்லாத நாளில் என் கையில் அகப்பட்டதே! அறிக்கை தயாராகும்முன் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. அதை மீறி உடனே சந்திரிகாவுக்கு ஃபோன் செய்து, "இனிமே அதத் தொடாதீங்கம்மா" என்றேன்.

அதே வேகத்தில் ஓர் ஏற்றுமதிக்காரரின் சூரை மீனை எரித்தேன். அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு. அறிக்கையும் தட்டச்சு செய்தேன். அது வெளியே போயிருந்தால் ஒரு கன்டெய்னர் மீனும் குப்பைக்குப் போயிருக்கும்.

மறுநாள் ஜொவிட்டா தாளைப் பார்த்தாள். "தேவானை, க்ரீமுக்கு அப்பால காலிப் படகு உட்டியா?"

விடவில்லை. அவள் விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லாத படகிலும் பாதரசம் காட்டியது. க்ரீமின் மிச்சம் கருவிக்குள் தங்கி, மீனின் கணக்கில் ஏறியிருந்தது. அன்று சாயங்காலம் வரை காலிப் படகாக விட்டு விட்டு எரித்து அதை வெளியேற்றினாள். திரும்பச் சோதித்த மீனில், வரம்பில் பாதிகூட இல்லை.

மேலாளர் கிளிஃபர்ட் வந்து, அறிக்கை ஏன் தாமதம் என்றார். "மெஷின் உள்ள பழசு நின்னுபோச்சு சார். தேவானைதான் கண்டுபுட்ச்சா" என்றாள் ஜொவிட்டா. எல்லோர் முன்னாலும் அவர் என்னைப் பாராட்டினார். என் தப்பைப் பிடித்ததைக்கூட மன்னித்திருப்பேன். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை சந்திரிகா மறுபடி வந்தார். வீக்கம் வடிந்திருந்தது. வழக்கம்போல ஜொவிட்டாதான் எழுந்து போனாள்.

"நீங்க இல்ல மேடம். ஃபோன் பண்ணாங்களே, அவங்க."

நான் போனதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கே நீங்க சொல்லலேன்னா இன்னும் பூசிக்கினேதான் இருந்திருப்பேன்." அவர் விரல்களில் நடுக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் கையை விடவில்லை.

திரும்பினேன். ஜொவிட்டா எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்ப்பது தெரிந்ததும் தொட்டிப் பக்கம் போனாள். கழுவிக் கவிழ்த்துக் காய்ந்திருந்த குடுவை ஒன்றை எடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள்.